இருபத்தெட்டாம் நாள் அடித்த தந்தி

1

எங்கள் மீனாவுக்கு வருஷத்தில் இரண்டு பிறந்தநாள். ஒன்று மாசி மாசத்தில், ஊரார் கணக்குப்படி. திண்டிவனத்திலிருந்து உறவுக்காரர் யாராவது கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்து வைத்து, குழந்தைக்கு ஆசீர்வாதம் என்று நாலு வரி எழுதி அனுப்புவார்கள். மற்றொன்று சித்திரையில், இங்கே இங்கிலாந்து சர்க்கார் கொடுத்த சர்ட்டிபிகேட்டின்படி. நேற்று அந்த இரண்டாவது வந்து போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து கேக்கை நாசம் பண்ணிவிட்டுப் போனார்கள். மீனா அவர்களோடு இங்கிலீஷில் சண்டை போட்டாள், இங்கிலீஷில் சமாதானம் ஆனாள். நான் தமிழில் அதட்டினேன். யாருக்கும் காதில் விழவில்லை.

இரண்டில் சித்திரை நிஜம், மாசி பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான்தான். திண்டிவனத்து ஜோசியர் ஒருவர் அந்தப் பொய்த் தேதிக்கு ஜாதகமே கணித்துவிட்டார். பெண் பெரிய அதிகாரி ஆவாளாம். ஆகட்டும், எனக்கென்ன.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. இந்தத் தை மாசம் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. படிக்கிறவர்கள் ஊரில் இருக்கிறீர்கள், நல்லது கெட்டது தெரிந்தவர்கள். நான் பண்ணினது சரியா தப்பா என்று நீங்களாவது சொல்லுங்கள். மூன்று வருஷம் ஆகியும் பயம் என்னை விடவில்லை.

2

லண்டனுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேர தூரத்தில், ஒரு மருந்துக் கம்பெனியில் எனக்கு வேலை. ஊரில் நான் ஏதோ டாக்டர் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததே கிடையாது. என் முதல் குற்றம் அதுதான். நிஜத்தில் எனக்கு மூட்டை பிரிக்கிற வேலை. காய்ந்த இலைகள் சாக்குச் சாக்காகக் கப்பலில் வரும். பிரித்து, கல், மண், சணல் துணுக்கு, செத்த பல்லி எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, எடை பார்த்து, பெரிய இரும்பு அண்டாவில் கொட்ட வேண்டும். அதற்கு மேல் நடப்பதெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக் கோட்டுக்காரர்களின் வேலை. ஒரு கொட்டகை நிறைய இலையைக் கரைத்து, வடித்து, பிரித்து, கடைசியில் நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு தூள் எடுப்பார்கள். ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு அதை ஊசியாகப் போடுகிறார்கள், சில குழந்தைகள் எழுந்து விளையாடுகின்றன என்று சொன்னார்கள்.

ஒருநாள் மெட்ராஸ் என்று முத்திரை குத்தின சாக்கு ஒன்று வந்தது. பிரித்தேன். இலையோடு இலையாக ஒரு காய்ந்த பூ. கையில் எடுத்துப் பார்த்தால், அட, நம்ம நித்தியகல்யாணி! எங்கள் பக்கத்தில் அதைச் சுடுகாட்டுப் பூ என்போம். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியெல்லாம் மணலில் தானாக மண்டிக் கிடக்கும். பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள், வீட்டுக்குள் கொண்டு வர மாட்டார்கள். ஆடு கூட வாய் வைக்காது. ஆடு ஏன் வாய் வைப்பதில்லை என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

அப்போது என் அண்ணன் கோவிந்தசாமி சாகக் கிடந்தார். விழுப்புரம் ஜங்ஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். என்னை விட எட்டு வயசு மூத்தவர். காலையில் எழுந்தால் தலைவலி, வாந்தி. பிறகு ஒருநாள் சிக்னல் விளக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. மறைத்து வேலை பார்க்கிற ஆள் இல்லை அவர். நேராக ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "ஐயா, எனக்கு ஒரு வெளக்கு ரெண்டா தெரியுதுங்க. இனிமே என்ன நம்பி வண்டிய வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, கைக்கொடியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். மெட்ராஸில் தலையைத் திறந்து பார்த்தார்கள். மூளையில் கட்டி. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள், வேர் ஆழத்தில் இருக்கிறது என்று மூடிவிட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு, திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் பக்கம் அண்ணியின் ஊருக்கே இருவரும் போய்விட்டார்கள். அங்கே அண்ணிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு.

எங்கள் கம்பெனியில் டாக்டர் ஹார்ட்லி என்று தலை நரைத்த அம்மாள் ஒருத்தி. பெரிய ரசாயனக்காரி, ஆனாலும் மூட்டைக்காரனான என்னோடு நின்று டீ குடிப்பாள். அண்ணன் கதையைக் கேட்டுவிட்டு, "இந்த மருந்தை மூளைக் கட்டிக்கும் சில டாக்டர்கள் போட்டுப் பார்க்கிறார்கள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் அன்றைக்கே அண்ணிக்கு எழுதினேன்: "கவலைப்படாதீங்க அண்ணி. நம்ம சுடுகாட்டு ஓரம் கெடக்குதே நித்தியகல்யாணி, அதுலேர்ந்துதான் இங்க மருந்து பண்றோம். மூளைக் கட்டிக்கும் குடுக்குறாங்க. காலம் வரும்."

மருந்து பண்றோமாம்! மூட்டை பிரிக்கிற நாய்க்கு என்ன பேச்சு பாருங்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். ஆனால் நான் கெட்டிருந்தால் பரவாயில்லையே.

3

பதில் வர ரொம்ப நாளாயிற்று. அந்த நேரம் அங்கே இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி. ரயில் ஓடவில்லை, தபால் தேங்கிக் கிடக்கிறது என்று இங்கே பத்திரிகையில் சின்னதாகப் போட்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் அண்ணியின் நீலக் காகிதம் வந்து விழுந்தது. அண்ணி அஞ்சலை ஐந்தாவது வரை படித்தவள். பேசுகிற மாதிரியே எழுதுவாள்.

"தம்பிக்கு அண்ணி எழுதிக்கினது. ஒன் காயிதம் வந்துது. ரெண்டு தபா படிச்சி அவருக்கும் சொன்னேன். தை வெள்ளிக்கெழம நல்ல நாளு பாத்து, சாமிகிட்ட வேண்டிக்கினு ஆரம்பிச்சிட்டேன். ஒரு மண்டலம். வெடிகாலைல போயி நானே பறிச்சிக்கினு வர்றேன். சுடுகாட்டுப் பூவ வூட்டுக்குள்ள சேக்கக் கூடாதுன்னு தோட்டத்துல தனி அடுப்பு, தனி சட்டி. ரெண்டு கை எல போட்டு, மூணு டம்ளர் தண்ணிய ஒண்ணா சுண்ட வச்சி வெறும் வயித்துல குடுக்கறேன். உப்பில்லாத பத்தியம். வெள்ளப் பூவா செவப்புப் பூவான்னு நீ எழுதல. எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டுலயும் போடறேன். தம்பி, ஒன் வாய்க்கு சக்கரதான் போடணும். ஒம்போது நாளுதான் ஆவுது, தலநோவு கொறஞ்சிடுச்சி. நேத்து வெளக்கு வச்ச நேரத்துல, 'அஞ்சல, ஒண்ணாதான் தெரியுது'ன்னாரு. நான் அழுதுட்டேன். வெரலு நுனி மட்டும் மதமதன்னு இருக்குதாம். வயிறு கட்டிக்கினு போவல. மருந்து வேல செய்யுதுன்னு நெனக்கறேன்."

நாள்காட்டியை எடுத்து எண்ணினேன். ஒன்பதாம் நாள் எழுதின காகிதம். நான் படிக்கும்போது இருபத்தைந்தாம் நாள். அன்று காலையும் கொடுத்திருப்பாள். ரெண்டு கை!

கம்பெனிக்கு ஓடினேன். ஹார்ட்லி அம்மாள் கேட்டுவிட்டுக் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளாக?"

சொன்னேன்.

"ராமலிங்கம், அந்த இலையில் என்னென்ன இருக்கிறது என்றே எங்களுக்கு இன்னும் முழுசாகத் தெரியாது. ஒன்று ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். ஒன்று நரம்பைப் பிடிக்கும். ஒன்று ரத்தத்தில் இருக்கிற வெள்ளை அணுக்களைக் கொல்லும். நாங்கள் எடுப்பதே விஷம்தான். அளந்து கொடுப்பதால் அதற்கு மருந்து என்று பெயர்."

"தலைவலி குறைந்திருக்கிறதே. விளக்கு ஒன்றாகத் தெரிகிறதாமே."

மூளையைச் சுற்றி ஒரு காவல் இருக்கிறது, ரத்தத்தில் போகிற எல்லாவற்றையும் அது உள்ளே விடாது, ஊசியில் போடுகிற சுத்தமான மருந்தே உள்ளே போய்ச் சேருகிறதா என்பதைத்தான் டாக்டர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாள்.

"அப்படியானால் கஷாயத்தில் குணம் தெரிகிறது என்பது?"

"தெரியாது."

"நிறுத்திவிட்டால்?"

"தெரியாது. நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியும். வெள்ளை அணு இல்லாத உடம்புக்கு ஒரு சாதாரணக் காய்ச்சல் போதும். இன்றைக்கே நிறுத்தச் சொல்."

4

அன்றே தந்தி அடித்தேன். இலை மருந்தை நிறுத்து, விஷம், கடிதம் வருகிறது. ஹார்ட்லி அம்மாள் எந்த டாக்டர் படித்தாலும் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதித் தந்தாள். அதையும் வைத்து விமானத் தபாலில் கடிதம் போட்டேன். அது போய்ச் சேர எப்படியும் பத்து நாள். பத்து நாளில் இருபது கை இலை.

மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது. மண்டலம் முறிக்கக் கூடாது, அவர் நலம், பயப்படாதே, அஞ்சலை.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தந்தியைக் கிழித்து எறிந்தேன். பிறகு பொறுக்கி ஒட்டவைத்தேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்கு வேண்டிக்கொண்டு ஆரம்பித்த நாற்பத்தெட்டு நாள் மருந்தை நடுவில் விட்டால், விட்ட நோய் இரண்டு மடங்காகத் திரும்பும், விட்டவர்கள் தலையில் பாவம் விழும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. அண்ணி அதில் இம்மி பிசகமாட்டாள். தலைவலி வேறு குறைந்திருக்கிறது. கண்முன்னே புருஷன் தேறிக்கொண்டு வருகிறான். ஆறாயிரம் மைல் தூரத்தில் இருக்கிற மைத்துனன், முதலில் மருந்து என்றவன், இப்போது விஷம் என்கிறான். எவள் கேட்பாள்?

என் பயத்துக்குள் இன்னொரு பயம் ஒளிந்திருந்தது. ஒருவேளை வேலை செய்கிறதோ? பெரிய பெரிய டாக்டர்கள் தேடுகிறதை, தோட்டத்து அடுப்பில் அண்ணி கண்டுபிடித்துவிட்டாளோ? அதை நிறுத்தி என் அண்ணனை நானே கொல்லப் போகிறேனோ? இந்த எண்ணம் வந்ததும் எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். போகவில்லை. இன்று வரை போகவில்லை.

5

என் மனைவி சகுந்தலா விழுப்புரத்துக்காரி. அப்போது ஏழு மாசம். அதற்கு முந்தின வருஷம் ஆறாம் மாசத்தில் ஒன்று கலைந்துபோயிருந்தது. அதிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். பிறக்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு துணி கூட வாங்கக் கூடாது என்று பிடிவாதம். வீட்டுக்கு வருகிற நர்ஸ் ஒருத்தி, தொட்டில், துணி, கம்பளி என்று பெரிய பட்டியல் அச்சடித்த காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுதடவை வந்து, ஒன்றுமே வாங்கவில்லை என்று பார்த்துவிட்டு, இவளுக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்துப் படம் போட்ட காகிதம் கொண்டு வந்து கொடுத்தாள். சகுந்தலா எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்துக்கே முதல்.

தந்தியை ஒட்டவைத்த அன்று நான் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்திக்கொண்டிருந்தேன். அண்ணியைத் திட்டினேன், மண்டலத்தைத் திட்டினேன், என் வாயைத் திட்டினேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், மெதுவாகச் சொன்னாள்.

"மண்டலத்த யாரும் முறிக்க வேணாங்க. தீட்டு வந்தா தானா நின்னுடும். யாரு தலயிலயும் பாவம் இல்ல."

"தீட்டு எங்கிருந்து வரும்? யாரைச் சாகச் சொல்றே?"

"சாவுக்கு மட்டும்தானா தீட்டு?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. பிள்ளை பிறந்தாலும் எங்கள் பங்காளிகளுக்கெல்லாம் பதினாறு நாள் தீட்டு. அதுவரை விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. அதற்குள் என் கடிதம் போய்ச் சேர்ந்துவிடும்.

"பொறந்துட்டுதுன்னு தந்தி அடிங்க" என்றாள்.

"பைத்தியமா ஒனக்கு? ஒரு துணி வாங்க மாட்டேங்கற, இத சொல்றியே!"

"எனக்கு பயமில்லன்னு நெனக்காதீங்க. இத சொன்னதுக்கே நாக்கு அழுவிடும்னு பயமா இருக்குது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஆனா அண்ணி ஒரு நாளு கூட தவற வுட மாட்டாங்க. நாளைக்கும் வெடிகாலைல போயி பறிப்பாங்க. ஜல்தி போங்க. நான் மனசு மாறிடுவேன்."

போஸ்ட் ஆபீஸுக்கு நடந்தேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. தந்திப் பாரத்தில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். திண்டிவனம் என்று எழுதியதை அந்தக் கவுண்ட்டர் அம்மாள் நாலு தடவை என்னிடமே படித்துக் காட்டி, அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று தடிப்புத்தகம் ஒன்றைப் புரட்டி, கடைசியில் என் நல்லகாலம், கண்டுபிடித்தாள். பிறகுதான் செய்தியைப் படித்தாள். குழந்தை பிறந்தது, இருவரும் நலம். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஆணா, பெண்ணா?"

"தெரியாது" என்றேன்.

"நீங்கள் இன்னும் போய்ப் பார்க்கவே இல்லையா? இந்த அப்பாக்களே இப்படித்தான்!" என்று பின்னால் இருந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தாள். வரிசையில் நின்ற ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்து விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன்.

அது மண்டலத்தின் இருபத்தெட்டாம் நாள்.

6

அடுத்த மூன்று வாரத்தை நான் எப்படிச் சொல்வேன்? ராத்திரி பகல் என்று இல்லை, சகுந்தலா பிள்ளை அசைகிறதா என்று எண்ணிக்கொண்டே கிடந்தாள். அரை நாள் அசையவில்லை என்றால் என் முகத்தைப் பார்ப்பாள். விழுப்புரத்திலிருந்து அவள் அப்பாவின் வாழ்த்துத் தந்தி வந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். அவளே கதவைத் திறந்தாள். தந்திக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நல்ல செய்திதானே அம்மா என்று கேட்டாராம். அவள் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அப்பா எழுதின சந்தோஷத்தைப் பிரித்துப் படித்து, தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு தனியாக அழுதிருக்கிறாள்.

அதன் பிறகுதான் அண்ணியின் கடிதம். தந்தி வந்த அன்றே அடுப்பை அணைத்துவிட்டாளாம். சட்டியை உடைத்துப் போட்டுவிட்டாளாம். என் கடிதமும் போய்ச் சேர்ந்து, ஹார்ட்லி அம்மாள் எழுதிய பக்கத்தை எடுத்துக்கொண்டு, அண்ணனைப் பாண்டிச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்பக் குறைந்துபோயிருந்தது. இலையாலா, நோயாலா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மூன்று வாரம் வைத்துக்கொண்டு தேற்றி அனுப்பினார்கள். விரல் மதமதப்பு குறைந்தது.

பிழைத்தோம் என்று பெருமூச்சு விட்டேன். வைகாசியில் தலைவலி திரும்பிவிட்டது. விளக்கு மறுபடி இரண்டாயிற்று.

நடுவில் சித்திரையில் மீனா பிறந்தாள். முழு உயிரோடு, ஊரைக் கூட்டுகிற அழுகையோடு. நர்ஸ் கொண்டு வந்து காட்டியபோது நான் அவள் காலைத்தான் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருக்கிறதா என்று. பதிவு ஆபீஸில் பிறந்த தேதி என்ன என்று கேட்டார்கள். வாய் தவறி மாசித் தேதியைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி, அப்படியானால் பதிய வேண்டிய கெடு தாண்டிவிட்டதே என்று மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் காட்டி, தப்பு தப்பு என்று கெஞ்சிச் சரிபண்ணினேன். ஊருக்குப் பெண் என்று மட்டும் எழுதினேன், வேறொன்றும் எழுதவில்லை. அங்கேதான் அவள் ஏற்கெனவே பிறந்தாகிவிட்டதே.

ஐப்பசியில் அண்ணன் போய்விட்டார். லீவு கிடைக்கவில்லை என்று எழுதினேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அண்ணி முகத்தில் விழிக்கப் பயந்துகொண்டு கேட்கவே இல்லை.

7

இந்தத் தை மாசம்தான் துணிச்சல் வந்தது. மூன்று பேருமாகப் போனோம். மீனா அங்கே ஒரு வார்த்தை தமிழ் பேச மாட்டேன் என்று என் கால் பின்னால் ஒளிந்துகொண்டாள். அண்ணி மல்லாட்டையை வறுத்து, தோலை ஊதிவிட்டு, அவள் கையில் வைத்தாள். மீனா தேங்க் யூ என்றாள். "இன்னா சொல்லுது?" என்று அண்ணி கேட்டாள். நல்லா இருக்குதாம் என்று சகுந்தலா சொல்லி வைத்தாள். அண்ணி இளைத்துக் கருத்துப்போயிருந்தாள். வீட்டு வேலை, கொல்லை வேலை எல்லாம் அவளேதான்.

நாலாம் நாள் சகுந்தலாவும் மீனாவும் உறவுக்காரப் பெண்களோடு பெருமுக்கல் மலைக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். நானும் அண்ணியும் கொல்லையில் மல்லாட்டைக் கொடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். அண்ணி தலை நிமிராமல் கேட்டாள்.

"பாப்பா எப்ப பொறந்துது? சித்திரையா, வைகாசியா?"

"மாசி..." என்று ஆரம்பித்தேன்.

"நானும் பொம்பளதான் தம்பி. ஐப்பசில மூணு மாசம்னு ஒன் பொண்டாட்டி எழுதுனா. மாசில எப்பிடி பொறக்கும்? அப்பிடியே பொறந்தாலும் ரெண்டு பேரும் எப்பிடி சொகமா இருப்பாங்க? எண்ணத் தெரியாதா எனக்கு?"

என் கையிலிருந்த கொடி கீழே விழுந்தது. "தெரிஞ்சுமா அடுப்ப அணைச்சீங்க?"

"தெரிஞ்சதாலதான் அணைச்சேன். வெசம்னு நீ அடிச்ச மொத தந்திய நான் நம்பல. எவனோ டாக்டரு சொல்றதக் கேட்டுக்கினு பேஜாரு பண்றான்னு நெனச்சேன். ரெண்டாவது வந்துது பாரு. ஒரு புள்ளய வயித்துலயே தோத்தவங்க, அடுத்த புள்ளய பொறக்கறதுக்கு முன்ன பொறந்துடுச்சின்னு சொல்லுவாங்களா? யாருக்காவது வாய் வருமா? அப்பிடி ஒரு பொய்ய சொல்றாங்கன்னா, அவங்க உசிரக் கையில புடிச்சிக்கினு சொல்றாங்க. அப்ப நெசமாவே வெசம்தான்னு தெரிஞ்சிக்கினேன். தெருவுல எல்லாருக்கும் தீட்டுன்னு சொல்லிட்டேன். அவருக்கும் அதேதான் சொன்னேன். இந்தப் பெரியப்பனுக்கு மவனா, மவளான்னு கேட்டுச் சிரிச்சாரு, பாவம்."

நான் அழுதேன். அண்ணி அழவில்லை. காயை ஆய்ந்து முறத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். முறம் நிறைந்து, கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் தம்பி. ரெண்டு வருசமா யாரையும் கேக்கல. கேக்கவும் ஆளு இல்ல. ஒனக்குத்தான் தெரியும். நான் குடுத்தது அவரக் கொன்னுதா, நிறுத்துனது கொன்னுதா?"

ஹார்ட்லி அம்மாள் சொன்ன பதில்தான் என்னிடமும் இருந்தது. இன்றைக்கும் மருந்துக்காரர்கள் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. நீ தெரியாதுன்னா நான் ரெண்டையும் சொமந்துக்கினு இருக்கணும். வெளக்கு ஒண்ணா தெரிஞ்சுதே அந்த நாளுங்களும் ஞாபகம் வருது. வெரலு மரத்துப்போயி சொம்பக் கூட புடிக்க முடியாம வுட்டாரே, அதுவும் வருது. எதுன்னு எனக்குத் தெரியல. அன்னிக்கி அவருக்காக ஒரு பொய் சொன்ன இல்ல? இன்னிக்கி எனக்காக ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் இல்ல அண்ணி" என்றேன். "நோவுதான் கொன்னுது."

அண்ணி என் முகத்தையே பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லு."

"நோவுதான் அண்ணி. நீங்க இல்ல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. மூடின துணிக்குள்ளிருந்தே, "இன்னொரு தபா" என்றாள்.

நான் மூன்றாம் தடவையும் சொன்னேன்.